பெட்டிக்கு அடியில் ஒட்டிய பிளாஸ்திரி

சென்ற மாதம் ஒரு காலையில், தென்னூர் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தெரியாத எண் என்றாலும் நான் எடுத்துவிடுவேன். முப்பத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் சம்பளம் வாங்கியவளுக்கு மணி அடித்தால் கை சும்மா இருக்குமா?

"அமலோற்பவம் மேடங்களா? நம்ம ஆபீஸ் காண்ட்ராக்ட்ல வேலை பாக்கறேன் மேடம். ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்ல வைஃபை பெட்டி மாத்த வந்திருக்கேன். பழைய பெட்டியத் திருப்பினா அடியில பிளாஸ்திரி ஒட்டி என்னமோ எழுதியிருக்கு. உங்க பேரும் போன் நம்பரும் இருக்கு."

"பிளாஸ்திரியப் பிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"பொழச்சீங்க. பிக்காம அப்படியே படிங்க."

அவர் நிதானமாகப் படித்தார். "பழசு: போன்களுக்கு முகவரி கொடுப்பது இந்தப் பெட்டி. புதுசு: முகவரி கொடுப்பது பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டி. செய்தது: அமலோற்பவம்." பிறகு சற்றுத் தயங்கினார். "இதுக்குக் கீழ வேற கையெழுத்துல நானூத்திப் பதினேழுன்னு ஒரு நம்பர் இருக்கு மேடம். பாஸ்வேர்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாஸ்வேர்ட் இல்லை என்று அவருக்கு இரண்டு வரியில் சொன்னேன். அவர் வேலையைப் பார்க்க வேண்டுமே, முழுக் கதையையும் போனில் சொல்ல முடியுமா? அதனால் இங்கே எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும்போது தங்கள் கெட்டிக்காரத்தனத்தைத்தான் எழுதுவார்கள். நான் ஒரு தப்பை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், எதிரே துளைகள் நிறைந்த ஒரு பலகை. டிரங்க் கால் ஆபரேட்டர். பேசுகிறவர்களுக்கு எண் தெரியாது. "மதுரையில அந்தப் பெரிய பாத்திரக் கடைங்க" என்பார்கள். நாங்கள் பட்டியலைப் புரட்டி, எண்ணைக் கண்டுபிடித்து, கயிற்றைத் துளையில் செருகி இணைத்துவிட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், "அப்படி ஒரு நம்பர் இல்லைங்க" என்று சொல்லிவிடுவோம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

பலகைகள் போய் எல்லாம் தானியங்கியானதும், "கவுன்டர்ல உட்கார்றீங்களா, மெக்கானிக் டிரெயினிங் போறீங்களா?" என்று கேட்டார்கள். கவுன்டரில் உட்கார்ந்தால் என் வாய்க்கு ஒரு வாரத்தில் சஸ்பென்ஷன்தான் என்று எனக்கே தெரியும். மெக்கானிக் என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதப் பயிற்சி. கம்பம் ஏறினேன், விழுந்தேன், மறுபடி ஏறினேன். அதில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான பயிற்சி ஜமால் சாரிடம் கிடைத்தது. எங்கள் பகுதி இன்ஜினியர். பாலக்கரைக்காரர். மெலிந்த ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருக்கும், அப்படி ஒரு பார்வை. அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்திரிச் சுருள் இருக்கும். மருந்துக் கடையில் விற்குமே, காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி, அதுதான். ஒரு வீட்டுக் கருவியில் எதை மாற்றினாலும், அதன் அடியில் ஒரு துண்டு ஒட்டி மூன்று வரி எழுத வேண்டும். பழசு என்ன, புதுசு என்ன, செய்தது யார். பேப்பர் ஒட்டினால் உதிர்ந்துவிடும், ஸ்டிக்கர் வாங்க ஆபீஸ் காசு தராது, பிளாஸ்திரி மனுசன் தோலிலேயே நிற்கிறது, பிளாஸ்டிக்கில் நிற்காதா என்பார்.

இன்னும் இரண்டு விதிகள் வைத்திருந்தார். கிளம்புவதற்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தினமும் செய்வதைத் தங்கள் கையால் நம் முன்னால் செய்து பார்க்க வேண்டும். "அவங்க ஓட்டிப் பாக்காம நீ செருப்ப மாட்டாதம்மா" என்பார். மூன்றாவது, மாற்றியது என்னவென்று அந்த லைனில் பேசுகிற எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது விதியை நான் காந்தி மார்க்கெட்டில் கற்றேன். ஒரு வெங்காய மண்டி முதலாளி, ஆட்கள் ஓசியில் பேசுகிறார்கள் என்று வெளியே போகும் அழைப்புகளைப் பூட்டச் சொன்னார். ரகசிய எண் போட்டால்தான் பேச முடியும். பூட்டிவிட்டு, எண்ணை முதலாளி காதில் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஜமால் சார் கேட்டார், "மண்டியில எத்தன பேரு வேலை பாக்கறாங்க?"

"ஒரு ஏழெட்டுப் பேர் இருப்பாங்க சார்."

"அவரு இல்லாத நேரத்துல ஒருத்தன் மேல மூட்டை சரிஞ்சு விழுதுன்னு வெச்சுக்க. மத்தவன் ஓடிவந்து போன எடுப்பான். என்ன கேக்கும்?"

பூட்டின போனில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "திரும்பிப் போம்மா" என்றார். அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துத் திரும்பப் போனேன். முதலாளி என்னை முறைக்க முறைக்க, ஏழு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். போனைப் பூட்டியிருக்கிறது, அவசரத்துக்கு மட்டும் இந்த எண் என்றேன். மனதுக்குள் ஜமால் சாரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதோடு சரி, அந்த விதியை நான் மீறியதில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்வரை.

அந்த நேரத்தில்தான் செண்பகம் வந்தார். அதற்குள் செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்திருந்தது. வீட்டுக்கு வீடு எங்கள் கம்பெனியே ஒரு வைஃபை பெட்டி கொடுத்தது. ஜமால் சார் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. செண்பகம் ஆபீசுக்குள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். என் வயதுதான் இருக்கும். "எங்க வீட்டு நெட்ட நிறுத்துங்க மேடம்" என்றார்.

"ஏங்க, ஸ்பீடு வரலயா?"

"ஐயோ, நல்லாத்தான் வருது. அதுதான் பிரச்சினையே."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விஷயம் இதுதான். கணவர் தங்கராசு திருவெறும்பூர் பக்கம் பெரிய தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன் குழாய்களை ஒட்டும் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஃபிளாட். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மனிதர் காலையிலிருந்து போனில் செய்தி படிப்பார். செய்திக்கு நடுவில், செய்தி மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு விளம்பரம் வரும். 'மாத்திரையைத் தூக்கி எறியுங்கள், ஒரே மாதத்தில் சர்க்கரை ஓடிவிடும்' என்று. அவருக்கு எது செய்தி எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பேப்பர்லயே போட்டிருக்கான் என்கிறாராம். ஒரு பொடியை வரவழைத்து, ஒன்றரை மாதமாக அதைக் குடித்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"கண்ணு முன்னால மனுசன் எளைச்சிட்டே போறாரு மேடம். கேட்டா, கொழுப்பு கரையுதுடிங்கறாரு. பொடி டப்பா தீரப் போகுது, அடுத்த டப்பாவுக்கு ஆர்டர் போடறதுக்குள்ள நெட்ட வெட்டி விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே எதையாவது சரிசெய்ய வேண்டும். அது என் கெட்ட குணம்.

"நெட்ட வெட்ட வேண்டாம். விளம்பரத்த மட்டும் வெட்டிரலாம்" என்றேன்.

என் வீட்டில் அதைச் செய்துவைத்திருந்தேன். உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கிடைக்கிறது, சோப்பு டப்பாவில் அடங்கிவிடும். அதை வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டால், வீட்டுப் போன்களுக்கு அது டிரங்க் ஆபரேட்டர் ஆகிவிடும். போன் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி எண் கேட்கும். செய்திக்காரர் பெயரைக் கேட்டால் சின்னப் பெட்டி எண்ணைக் கொடுக்கும். விளம்பரக் கம்பெனி பெயரைக் கேட்டால், தன்னிடம் இருக்கும் நீளமான தடைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு நம்பர் இல்லைங்க" என்று சொல்லிவிடும். நான் இருபது வயதில் பார்த்த அதே வேலை. என்ன, எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், இதற்குக் கரண்ட் மட்டும்.

"செய்யுங்க மேடம். ஆனா அவருக்குத் தெரியக் கூடாது" என்றார் செண்பகம். "தெரிஞ்சா புடுங்கிப் போட்டுருவாரு. பத்து மணிக்கு டீக்கடைக்குப் போனா பதினொண்ணரைக்குத்தான் வருவாரு. அந்த நேரத்துல வாங்க."

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். உள்ளே நுழையும் பாஸ்வேர்ட் அதில்தான் இருக்கும். லேப்டாப்பில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால், பெயர்களை யாரிடம் கேட்பது என்று குறிப்பிடும் கட்டம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கம்பெனி கொடுக்கும் பெட்டியில் அதைத் தொட விடமாட்டார்கள். என்னிடம் ஆபீஸ் பாஸ்வேர்ட் இருந்தது, அதைப் போட்டால் கட்டம் உயிர்பெறும். ஆனால் அது டியூட்டியில் இருக்கும்போது பயன்படுத்த வேண்டிய சாவி. அன்று நான் லீவில் இருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுற்றுவழி ஒன்று உண்டு. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி கொடுத்து, பெயர் கேட்க வேண்டுமானால் இன்னாரிடம் கேள் என்று சொல்லி அனுப்புவதும் வைஃபை பெட்டியின் வேலைதான். அந்த வேலையை நிறுத்திவைக்க வாடிக்கையாளருக்கு அனுமதி உண்டு. முதலில் சின்னப் பெட்டிக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்தேன். பிறகு வைஃபை பெட்டியை முகவரி கொடுக்காதே என்று நிறுத்தி, அந்தப் பொறுப்பைச் சின்னப் பெட்டியிடம் ஒப்படைத்தேன். வரிசை மாறினால் வீட்டில் ஒரு போனும் வேலை செய்யாது.

செண்பகத்தின் போனை அணைத்துப் போட்டுச் செய்திப் பக்கத்தைத் திறந்தோம். விளம்பரம் பல்லை இளித்துக்கொண்டு வந்து நின்றது. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. இந்தப் பெட்டிகள் பழைய வகை முகவரி, புது வகை முகவரி என்று இரண்டு விதமாகப் பேசும். பழைய வகையை நான் அடைத்திருந்தேன். புது வகையில் போன்கள் பின்வாசல் வழியாக வைஃபை பெட்டியிடமே பெயர் கேட்டுக்கொண்டிருந்தன. அதையும் அணைத்தேன். மறுபடி திறந்தோம். செய்தி வந்தது. விளம்பரம் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம்.

செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டார். "வீடியோவுக்கு நடுவுல வர்ற விளம்பரத்த இது நிறுத்தாதுங்க. அது வீடியோ வர்ற அதே வாசல் வழியா வருது, அடைச்சா வீடியோவும் போயிரும்" என்று மட்டும் எச்சரித்தேன். மணி பதினொன்று இருபது. தங்கராசுவின் போன் அவரோடு டீக்கடையில் இருந்தது. அவர் கையால் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒட்டவுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மூன்று விதியும் ஒரே நாளில்.

பலன் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. பொடி தீர்ந்தது. அடுத்த டப்பாவுக்குத் தூண்டில் போட விளம்பரம் இல்லை. பொடிக்காரர்கள் போன் போட்டுத் தொல்லை கொடுத்ததில் தங்கராசுவுக்கே எரிச்சல் வந்து, தெரியாத எண்ணை எடுப்பதையே விட்டுவிட்டார். மூன்றாவது வாரம் செண்பகம் சொல்லிச் சொல்லி, லேபில் சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசில் பீற்றிக்கொண்டேன். கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வைத்துக் கொடுத்தேன், நான்கு வீடுகள்.

ரத்தம் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. திங்கள்கிழமை மத்தியானம் செண்பகத்திடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து பேசினார். தங்கராசு காலையில் வாந்தி எடுத்து, பேச்சுக் குழறி, மூச்சு வாங்க ஆரம்பித்து, நினைவு தப்பி, இப்போது தீவிர சிகிச்சையில். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ரத்தமே கெட்டுப்போயிருக்கிறது என்கிறார்களாம்.

"அந்த லேப்காரங்க மேல எங்க கம்ப்ளெயின்ட் குடுக்கணும் மேடம்? வெள்ளிக்கிழமை சாயந்திரமே ரிப்போர்ட் போட்டாச்சு, மெசேஜ் அனுப்பியாச்சு, போனும் பண்ணினோம்னு சாதிக்கறாங்க. போன் வந்தது நெசந்தான், அவரு எடுக்கல. ஆனா மெசேஜ்? அவரத் தெனமும் கேட்டேன், இன்னும் வரல வரலன்னாரு. இப்ப இங்க நர்ஸம்மா அவரு போன்ல டேட்டாவப் போட்டுத் தட்டினாங்க, டக்குனு தொறக்குது! அப்ப இவரு பாக்கவே இல்லதானே? மூணு நாளு! ரிப்போர்ட்டப் பாத்தா மாத்திரை திங்கச் சொல்லுவாங்கன்னு பயந்து மறைச்சிருக்காரு மேடம், இந்த மனுசன் இப்படிப் பண்ணலாமா?"

டேட்டாவைப் போட்டதும் திறந்தது என்றால், அடைத்தது வீட்டு வைஃபை, அதில் உட்கார்ந்திருப்பது என் பெட்டி. மாதாவே என்று கூவிவிட்டேன். "சாவிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க செண்பகம், நான் வர்றேன்" என்றேன்.

மாற்றுத் துணி எடுக்க அவர் வந்தபோது நான் வாசலில் நின்றேன். உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து, சின்னப் பெட்டி எந்தெந்தப் பெயர்களை இல்லை என்று சொல்லித் திருப்பியது என்ற பட்டியலைப் பார்த்தேன். போன் வாரியாக, மணி வாரியாக எல்லாம் இருக்கும். லேப் அனுப்பும் இணைப்பு நேராக லேபுக்குப் போவதில்லை. நடுவில், எத்தனை பேர் தட்டினார்கள் என்று எண்ணுகிற ஒரு கம்பெனி வழியாகச் சுற்றிப் போகிறது. அதே கம்பெனியை விளம்பரக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். அதனால் அது தடைப் பட்டியலில் இருந்தது.

தங்கராசுவின் போன் அந்தப் பெயரைப் பதினோரு முறை கேட்டிருந்தது. வெள்ளி மாலை மூன்று. சனி காலை ஆறு பத்துக்கு ஒன்று, ஆறு பன்னிரண்டுக்கு ஒன்று. மத்தியானம் ஒன்று. ஞாயிறு நான்கு. திங்கள் காலை ஏழு மணிக்கு ஒன்று. பதினோரு முறையும் என் பெட்டி, அப்படி ஒரு நம்பர் இல்லைங்க என்று சொல்லியிருந்தது.

மனிதர் மறைக்கவில்லை. விடாமல் கதவைத் தட்டியிருக்கிறார், நான்தான் திறக்கவில்லை.

செண்பகத்திடம் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அவருகிட்ட சொல்லாதீங்க மேடம்" என்றார். "பொழச்சு வந்தாப் போதும். லேப் மேலயே பழி இருந்துட்டுப் போகட்டும். நாந்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன். நானே கொன்னுட்டேன்னு ஆயிரும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். ஓய்வுக்கு ஏழு மாதம்.

வெளியே வந்து ஜமால் சாருக்குப் போன் போட்டேன். ஐந்தாறு வருடமாகப் பேசியதில்லை. விசாரிப்பு எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பிளாஸ்திரி ஒட்டினியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னும் வேலை முடியல." பிறகு, "அல்லா அவரக் காப்பாத்துவான். நீ போய் முடிச்சிட்டு வா" என்றார்.

தங்கராசு கண் விழித்துப் பேச மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். போய் நின்றேன். பெரிய கை, விரல் எல்லாம் பழைய தீப்புள்ளித் தழும்பு. அந்தக் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. யார் என்று கேட்டார். சொன்னேன். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டார். விளம்பரத்தை நிறுத்தியதில் ஆரம்பித்து, பதினோரு முறை வரை ஒன்று விடாமல் சொன்னேன். பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதையும் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தாளை மேலிருந்து கீழே படித்தார். நான் அடிக்குத் தயாராக நின்றேன்.

"செண்பகம்" என்றார். "ரிப்போர்ட் வந்துச்சா வந்துச்சான்னு மூணு நாளா நச்சரிச்சியே. பாரு. பதினோரு வாட்டி."

செண்பகம் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராசு அவரை அழவிட்டார். பிறகு கோபம் வந்தது. "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சொன்னா புடுங்கிப் போட்டிருப்பீங்க" என்றார் செண்பகம்.

"போட்டிருப்பேன்" என்று அவர் ஒத்துக்கொண்டார். "புடுங்கிப் போட்டுட்டு, அப்புறம் உக்காந்து யோசிச்சிருப்பேன்ல."

என் பக்கம் திரும்பினார். "மேடம், எங்க ஃபேக்டரியில ஒரு டியூப்ப ஒட்டினா பக்கத்துலயே ஒட்டினவன் நம்பரைக் குத்தணும். என் நம்பரு நாலு ஒண்ணு ஏழு. முப்பது வருசம் குத்தினேன். எதுக்குத் தெரியுமா?"

"தப்பு நடந்தா யாருன்னு தெரியறதுக்கு."

"அதுக்கில்ல. ஒரு ஜாயின்ட் விட்டுப்போச்சுன்னா, அதே ஆளு ஒட்டின மத்த ஜாயின்ட்டயெல்லாம் போய்ப் பாக்கணும்ல? அதுக்கு." தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். "நீங்க வேற எத்தனை வீட்ல வெச்சிருக்கீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான்கு நாளாக என் குற்றம், என் பென்ஷன், என் தூக்கம் என்று என்னையே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, மற்ற நான்கு வீடுகள் ஞாபகத்துக்கே வரவில்லை. "நாலு" என்றேன்.

"அப்ப இங்க ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க?"

அங்கிருந்தே பஸ் ஏறினேன். இரண்டு நாளில் நான்கு வீட்டையும் முடித்தேன். நடுவில் எண்ணும் கம்பெனிகளின் பெயர்களைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, பழைய மெசேஜ் எல்லாவற்றையும் தட்டச் சொன்னேன். மூன்று வீட்டில் ஒன்றும் இல்லை. நான்காவது திருவெறும்பூரில். அந்த வீட்டுப் பெண் காலேஜ் அட்மிஷன் மெசேஜ் ஒன்றை நான்கு நாளாகத் தட்டிக்கொண்டிருந்தாள், அது திறக்கவில்லை. ஏதோ மோசடி மெசேஜ் என்று விட்டுவிடப் போனாளாம். இப்போது திறந்தது. சேர மறுநாள் கடைசி நாள். அவள் அம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து நன்றி சொன்னார். நன்றியா! "எனக்குச் சொல்லாதீங்க, ஸ்ரீரங்கத்துல ஒருத்தருக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு பெட்டியின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டினேன்.

ஆபீசிலும் நானே போய்ச் சொன்னேன். லீவு நாளில் சொந்த வேலையாகச் செய்ததால் ஒரு விளக்கக் கடிதத்தோடு விட்டார்கள்.

தங்கராசு வீடு திரும்பினார். அன்று முதல் இன்சுலின் ஊசி. சின்னப் பெட்டியை நான் அதற்கு முன்பே கழற்றி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருந்தேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "மேடம், அந்தச் சின்னப் பெட்டிய மறுபடி மாட்டுங்க. இந்தத் தடவ நான் இருக்கும்போது."

போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு அடியிலும், இது எதுக்கு, இத அமுக்கினா என்ன ஆகும் என்று துளைத்தெடுத்தார். முடித்ததும் போனைக் கையில் கொடுத்தேன். தினமும் செய்வதையெல்லாம் செய்யுங்கள் என்றேன். செய்தி பார்த்தார், ராசிபலன் பார்த்தார், பஸ் நேரம் பார்த்தார், கடைசியில் லேப் மெசேஜைத் தட்டினார். திறந்தது. பன்னிரண்டாவது தடவை. அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பிளாஸ்திரி ஒட்டி மூன்று வரி எழுதினேன். அவர் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேனாவக் குடுங்க" என்றார். என் பெயருக்குக் கீழே 417 என்று அழுத்தி எழுதினார். "நானும் பாத்துட்டேன்ல" என்றார்.

சென்ற மாதம் போனில் கேட்டவருக்கு இதைத்தான் சுருக்கமாகச் சொன்னேன். "வெல்டர் நம்பருங்க அது. இந்த வீட்டுக்காரரோடது." புதுப் பெட்டியில் அந்த முகவரி மெனு வேறெங்கோ ஒளிந்திருந்தது. நானும் அவருமாகப் போனிலேயே தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாம் முடிந்ததும் கேட்டார், "மேடம், புதுப் பெட்டிக்கு அடியில யார் பேரப் போட? உங்க பேரயே போட்டுரட்டா?"

"நானா மாட்டினேன்? உங்க பேரப் போடுங்க. போன் நம்பரையும் எழுதுங்க."

பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பேரை எழுதுவது என்றால் எல்லாருக்கும் அந்த ஒரு நிமிடம் வரும். எனக்கும் வந்தது, அதே வீட்டு வாசலில்.

பின்னாலிருந்து தங்கராசுவின் குரல் கேட்டது. "எழுதுங்க சார், பயப்படாதீங்க. கீழ நான் போடறேன்." அதற்குப் பிறகு, யாரோ பிளாஸ்திரியைச் சர்ரென்று கிழிக்கும் சத்தம் போனில் கேட்டது.